இரண்டு கடைக்குட்டிகள்

அப்பாவின் உதட்டோரம் வழிந்த பாலை இளையவள் துடைத்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. அப்பாவின் அலுவலகத்து வரைபடக்காரர். விடிகாலையில் கடற்கரை மேடு சரிந்து, ஏழாம் எண் கல்லறை மூடுகல்லோடு கடலுக்குள் போய்விட்டதாம். சாரிடம் சொல்லவேண்டாம் என்றார்.

தொலைந்தாள் சனியன் என்று நினைத்தாள் இளையவள். நினைத்ததற்கு வெட்கப்படவும் இல்லை.

பங்காளிச் சண்டை எந்த வீட்டில் இல்லை? ஆனால் செத்து மூவாயிரம் வருடமானவளோடு யாராவது சண்டை போடுவார்களா? இவள் போட்டாள், முப்பத்தைந்து வருடமாக. அப்பா தொல்லியல் துறையில் அளவெடுப்பவர். இவளுடைய ஏழாம் வயதில் அந்தப் பெருங்கற்காலக் கல்லறையைத் திறந்தார்கள். நான்கு பலகைக் கற்களுக்கு நடுவே, இவளைப் போலவே முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சின்ன எலும்புக்கூடு. அளந்து, வரைந்து, அப்படியே மூடிவிட்டு வந்த அப்பா, "நம்ம கடைக்குட்டி அங்க படுத்திருக்கா" என்றார். அதுவரை அந்தப் பெயர் இவளுடையது. அக்கா சிரித்தாள். இவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள், யாரும் கூப்பிடவில்லை.

கடல் மேட்டை அரித்துக்கொண்டே வந்ததால், பிறகு மாதாமாதம் மேட்டு விளிம்பிலிருந்து கல்லறைவரை டேப் பிடித்து அளந்தார். இவளுடைய பிரசவத்துக்குக்கூட அந்த நாளை மாற்றவில்லை. அவர் படுக்கையில் விழுந்த ஐந்து மாதமும் மலமும் மூத்திரமும் அள்ளியவள் இவள்தான். அவர் தினம் கேட்டதோ ஒரே கேள்வி. வரைபடக்காரரிடம் விசாரித்துச் சொல்வாள். ஒன்பது. ஆறு. நாலு.

"எத்தனை அடி?" என்றார் இப்போதும்.

போயிட்டா உங்க செல்லம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் கண்ணைத் திறக்காமல், "தண்ணி வருதா? கடைக்குட்டிக்கு நீச்சல் தெரியாது" என்றார்.

இளையவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வந்துட்டேன்பா. மேட்டுல ஏறிட்டேன்."

அவர் கை தடவித் தடவி இவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"நனைஞ்சியா?"

"இல்லப்பா."

அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை இவள் பார்த்ததே இல்லை. இதைத்தானே அந்தக் கல்லறைக்காரி இத்தனை வருடம் தின்றாள் என்று வயிறெரிந்தது. எரிந்தாலும் கையை எடுக்கவில்லை. பதினோரு மணிக்கு அந்தப் பிடி தானாகத் தளர்ந்தது.

மத்தியானம் வந்த அக்கா, அழுது முடித்துவிட்டு, கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"கடைக்குட்டின்னு கூப்பிட்டார்."

"உன்னையா?"

"பின்ன யாரை?"

அக்காவுக்குப் பின்னால் நின்றிருந்த வரைபடக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். இளையவள் எழுந்து, அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.