கறுப்புப் புகை

மேதாவி வண்டியைக் கிளப்பும் காட்சியை அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை. காப்பி டம்ளரோடு சமையலறை ஜன்னலுக்கு வந்துவிடுவாள். மேதாவி என்பது கணவனுக்கு அவள் மனசுக்குள் வைத்த பெயர். வாய்விட்டுக் கூப்பிடும்போது 'ஏங்க' தான். தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கிற கம்பெனியில் அவன் ஏரியா மேனேஜர். வாயைத் திறந்தால் உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் மேனேஜர்.

வண்டி பழைய காலத்து இரட்டை சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி கார்புரேட்டர், தனித்தனி சைலன்சர். ஹேண்டில்பாரில் சின்னதாக ஒரு சோக் லீவர் உண்டு. இஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது காற்றை அடைத்து, பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்தால்தான் பற்றிக்கொள்ளும். சூடானதும் காற்றைத் திறந்துவிட வேண்டும். இந்த வண்டியில் அந்த லீவர் மற்ற வண்டிகளுக்கு நேர் எதிர். இழுத்து வைத்தால் காற்று திறக்கும், தளர்த்திவிட்டால் அடைத்துக்கொள்ளும். மேதாவிக்கு இது தெரியாது. காலையில் லீவரை இழுத்து வைத்துவிட்டு உதைப்பான், உதைப்பான், சட்டை முதுகோடு ஒட்டும்வரை உதைப்பான். எப்படியோ கிளம்பிச் சூடானதும், பெரிய ஆபரேஷனை முடித்த டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு லீவரைத் தளர்த்துவான். உடனே இரண்டு சைலன்சரும் கறுப்பாகக் கக்க ஆரம்பிக்கும். பசிக்கிறபோது பட்டினி போட்டுவிட்டு, வயிறு நிறைந்த பிறகு வாயில் திணிக்கிற ஆள்.

மாடி வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். கொடியில் காயும் அவளுடைய வெள்ளைக் கோட்டில் கரிப்பொட்டு விழும். அவள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். 'இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா' என்று நாள் முழுக்க முகம் சுளிக்காமல் கேட்பாள். அந்தப் பொறுமையில் ஒரு துளியைக்கூட அவள் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

வண்டி அவள் அப்பாவுடையது. அவர் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தார். ஏறக்குறைய எல்லா மனிதர்களையும் முட்டாள் என்றே நினைத்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவன் தப்புத் தப்பாக விளக்கம் சொன்னால் திருத்த மாட்டார். பேசவிட்டு, அவளைப் பார்த்துக் கண்ணடிப்பார். "கேக்காதவனுக்கு எதுக்குச் சொல்லணும்? பேசட்டும், காசா பணமா" என்பார். புகையின் நிறத்தைத் தவிர வேறெதையும் அவர் விசாரித்ததில்லை. "கறுப்பா? அது வெறும் பெட்ரோல், சாயங்காலம் வந்து எடுத்துக்க. நீலமா? ஆயில் எரியுது, இஞ்சின் போச்சு. தள்ளிட்டுக் கிளம்பு." அவள் டார்ச் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஜெட், ஊசி, மிதவை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவாள். ஆனாலும் அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் சாவி போனது மாப்பிள்ளை கைக்கு. "பொண்ணு ஓட்டுற வண்டியா இது" என்று ஒரு பேச்சு, அவ்வளவுதான். அதற்காக அவள் அப்பாவையும் மன்னிக்கவில்லை, சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பல்லைக் காட்டியவனையும் மன்னிக்கவில்லை. யார் பையில் சாவி இருந்தாலும் வண்டி தன்னுடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். வண்டி வீட்டுக்கு வந்த புதிது.

"ஏங்க, அந்த லீவர் தலைகீழ். தளத்திவிட்டா சோக் அடைச்சுக்கும்."

மேதாவி பக்கத்தில் நின்ற நண்பனைப் பார்த்தான். அந்த நண்பனுக்கும் அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள்: ஜெட்டு. எந்த வியாதிக்கும் 'ஜெட்டை மாத்து' என்பதுதான் அவனுடைய மருந்து.

"தளத்திவிட்டா எப்படிம்மா அடைக்கும்? எந்த வண்டிலயாவது அப்படிப் பாத்திருக்கியா?" என்றான் மேதாவி.

"கண்ணாடிக்குப் பவர் பாக்கணும்னா உங்ககிட்டதான் அண்ணி வருவோம். இது வேற டிபார்ட்மெண்ட்" என்றான் ஜெட்டு.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. இனி அவனாக வந்து கேட்கும்வரை ஒரு வார்த்தை கிடையாது என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

அவன் கேட்கவில்லை. பெட்ரோல் குறையட்டும் என்று சின்ன ஜெட் வாங்கி மாட்டினான். பிறகு அதைவிடச் சின்னது. ஊசியை இறக்கினான். மிதவையை வளைத்தான். காற்றுத் திருகை வீடியோ பார்த்துத் திருகினான். வீடியோவில் இருந்தது வேறு வண்டி. பிளக்கைக் கழற்றும்போதெல்லாம் அது அடுப்புக்கரியாக வந்தது. "ரிச்சா ஓடுதுடா, பெட்ரோல் ரொம்ப ஜாஸ்தியா இறங்குது" என்று ஜெட்டுவுக்குப் போனில் செய்தி வாசிப்பான். அவன் தூக்கிப்போட்ட பழைய ஜெட்களை அவள் பொறுக்கி, காலிப் பவுடர் டப்பாவில் போட்டு வைத்தாள். ஒரு மழைக்காலம் போய் அடுத்ததும் வந்துவிட்டது. தினம் தினம் அந்தப் புகையோடுதான் ஆபீசுக்குப் போய் வந்தான். சுலபமாகக் கிடைத்த இந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக அவளுக்கு அந்த வீட்டில் வேறொன்றும் இருக்கவில்லை. அதை அவள் யாரோடும் பங்கு போடவும் தயாராக இல்லை.

போன வாரம் சாப்பிடும்போது அவன் சொன்னான்.

"இஞ்சினே சரியில்ல. உங்கப்பா பொத்திப் பொத்தி வெச்சிருந்தார்ங்கறதெல்லாம் சும்மா பேச்சு. ஞாயித்துக்கிழமை தரகர் ஒருத்தர் வரார். தள்ளிவிட்டுடலாம்."

"வித்துடுவீங்களா?"

"பின்ன, வெச்சுக் கும்பிடவா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள். கழுவும்போதே எல்லாம் தீர்மானமாகிவிட்டது. தரகர் முன்னால், ஜெட்டு முன்னால், அந்த லீவரை ஒற்றை விரலால் தொட வேண்டும். புகை நிற்க வேண்டும். பிறகு ஒரு வாக்கியம்: 'இது எங்கப்பா வண்டி, விக்கிறதுக்கில்ல, இனிமே நான் ஓட்டிக்கறேன்.' கடையில் எதிரே உட்கார்ந்தவர்கள் எழுத்து எழுத்தாகத் தடவிப் படிக்கும்போது அவள் அதை உள்ளுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் மேதாவியும் ஜெட்டுவும் ஷோரூமில் புது வண்டி பார்க்கப் போனார்கள். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு போர்டிகோவில் உட்கார்ந்தாள். இரண்டு கார்புரேட்டரையும் இறக்கி, பவுடர் டப்பாவில் இருந்த பழைய ஜெட்களை மாட்டினாள். ஊசியை நடுப்பள்ளத்துக்கு ஏற்றினாள். மிதவையை நிமிர்த்தினாள். அப்பா வைத்திருந்த இடத்துக்கே காற்றுத் திருகைக் கொண்டுவந்தாள். கை எதையும் மறந்திருக்கவில்லை. கார்புரேட்டரைத் தவிர வேறெதையும் அவள் தொடவில்லை. தொடத் தேவை இருப்பதாகத் தோன்றவும் இல்லை. லீவரை மட்டும் அவன் விட்ட இடத்திலேயே விட்டுவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்தார். கனத்த உடம்பு, கண்ணாடி மூக்கு நுனியில் தொங்கியது. பவர் கூடிவிட்டது என்று அவளுக்குப் பார்த்ததும் தெரிந்தது. ஜெட்டு கையைக் கட்டிக்கொண்டு நிபுணர் தோரணையில் நின்றான். மேதாவி உதைத்தான், உதைத்தான். ஒருவழியாகக் கிளம்பியது. சூடானதும் வழக்கமான டாக்டர் முகத்தோடு லீவரைத் தளர்த்தினான்.

பழைய பெரிய ஜெட்கள் வேறு உள்ளே இருந்ததால் புகை சமீபத்தில் வராத அளவுக்கு வந்தது. தரகர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசல்வரை பின்வாங்கினார்.

"ஜெட்டை மாத்தினா சரியாயிடும்" என்றான் ஜெட்டு.

அவள் படியிறங்கி வந்தாள். அவசரப்படவில்லை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மேதாவியைத் தாண்டிக் கையை நீட்டி, லீவரை ஒற்றை விரலால் இழுத்து வைத்தாள்.

திக்கித் திணறிக்கொண்டிருந்த இஞ்சின் ஒரே சீரான சத்தத்துக்கு வந்தது. கறுப்பு மெலிந்து, இல்லாமலே போனது. ஜெட்டு கட்டியிருந்த கையை அவிழ்த்தான். மேதாவி வாயைப் பிளந்துகொண்டு லீவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அந்த முகத்தை அவள் ஆசை தீரப் பார்த்தாள். எத்தனையோ நாள் காத்திருந்த முகம் அது. பிறகு தன் வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்தாள்.

தரகர் அவளைப் பார்க்கவே இல்லை. வண்டியின் பின்னால் குனிந்து நின்றார்.

"அம்மா, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கி விடுங்க."

முறுக்கினாள். இரண்டு சைலன்சரிலிருந்தும் புகை வந்தது. மெல்லிசாக, வெயிலில் தெளிவாக, நீலமாக. கறுப்பு இருந்தவரை அது அதற்குள்ளேயே ஒளிந்து கிடந்திருக்கிறது.

"பாத்தீங்களா சார், சரியாயிடுச்சு, கறுப்பே இல்ல" என்றான் மேதாவி. குழந்தை மாதிரி சிரித்தான்.

தரகர் ஆயில் டேங்க் மூடியைத் திறந்து விரலை விட்டு முகர்ந்தார். அதே விரலை அவளிடம் நீட்டினார். முகரத் தேவையே இல்லை, நின்ற இடத்திலேயே பெட்ரோல் வாடை அடித்தது.

"எரியாத பெட்ரோல் உள்ள இறங்கி ஆயிலைக் கழுவி விட்டிருக்கு. சிலிண்டர், பிஸ்டன் எல்லாம் உராஞ்சு போச்சு. இந்த வண்டிக்கு இனிமே அதெல்லாம் எங்க கிடைக்கும்? ஒரு வாரம் பத்து நாள்ல வந்த தேய்மானம் இல்ல இது." அவர் மூக்கு நுனிக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "லீவர் விஷயம் உங்களுக்கு எத்தனை நாளாம்மா தெரியும்?"

அவளை முந்திக்கொண்டு மேதாவி பதில் சொன்னான்.

"இன்னைக்குத்தான் சார் கண்டுபிடிச்சிருப்பா. முன்னாடியே தெரிஞ்சிருந்தா சொல்லாம இருப்பாளா?"

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். குத்தலாகச் சொல்கிறானா என்று தேடினாள். அப்படி எதுவும் இல்லை. அன்றைக்குச் சிரித்தது அவனுக்கு நினைவிலேயே இல்லை. பெண்டாட்டியைப் பற்றிப் பெருமையாகத்தான் சொல்கிறான். 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்ல அவளுக்கு நியாயம் இருந்தது. ஒரு தடவை சொன்னாள்தான். அதற்குப் பிறகு எத்தனை காலை, எத்தனை டம்ளர் காப்பி.

"அம்மா, கேட்டேனே" என்றார் தரகர்.

இத்தனை நாள் யாராவது வந்து கேட்கட்டும் என்றுதான் வாயைத் திறக்காமல் இருந்தாள். இப்போது ஒருவர் கேட்டுவிட்டு நிற்கிறார். அவள் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள்.