கரண்ட் போச்சு

என் கவிதையில் எல்லாமே அண்ணிக்குப் பிடித்திருந்ததாம், முதல் வரியைத் தவிர. முதல் வரி, 'கரண்ட் போச்சு'. அதை 'மின்சாரம் அகன்றது' என்று மாற்றச் சொன்னார். பதவி போன மந்திரியா அது, அகன்று போவதற்கு?

அண்ணி என் கணவரின் அக்கா. எங்கள் கவிதை வட்டத்தின் தலைவியும் அவர்தான். கோடை முடிகிற சமயத்தில் வெயிலைப் பற்றி ஒரு கூட்டம் வைத்திருந்தார்.

எங்களுக்கு ஃபேன் ரிப்பேர் கடை. கோடைக் கடைசியில், மதியம் தெருவில் ஈ காக்கை இருக்காது. கல்லாவில் உட்கார்ந்து, ரிப்பேர் முடிந்த ஃபேன்கள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு மதியம் கரண்ட் போனபோது வந்த கவிதை அது.

"சபையில சிரிச்சாங்கன்னா எனக்குத்தான் அசிங்கம். அப்படி சிரிச்சா இதோட எழுதுறத விட்டுடணும், சரியா?" என்றார் அண்ணி.

வாய்க்கொழுப்பில் சரி என்றுவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. எழுதாமல் அந்த மதியங்களை எப்படித் தள்ளுவேன்?

கூட்டத்தில் எல்லார் கவிதையிலும் கதிரவனும் கனலும் மாறி மாறி வந்துபோனார்கள். பாதி சபை கொட்டாவி விட்டது. என் முறை வந்தது. மைக் முன்னால் போய் நின்றேன்.

"கரண்ட் போச்சு."

அத்தனை தலையும் சட்டென்று மேலே நிமிர்ந்தது. ஒருவர் சட்டைப் பட்டனைக் கழற்றினார். வாட்ச்மேன் ஜன்னலைத் திறக்க ஓடினார். ஃபேன்கள் எல்லாம் தம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. ஏமாந்தது புரிந்ததும் சபை கொல்லென்று சிரித்தது.

போச்சு, எல்லாம் போச்சு என்று அண்ணியைப் பார்த்தேன். அவர் ஃபேனை அண்ணாந்து பார்த்தபடி, தன் கவிதைத் தாளால் மும்முரமாக விசிறிக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ, மறுபடி ஆரம்பித்தேன்.

"கரண்ட் போச்சு.
சுத்தின வட்டம் மெல்லக் கலைஞ்சு
மூணு இறக்கையாச்சு.
கோடை முடிஞ்சிருச்சாம்,
வெயிலுக்குத்தான் இன்னும் யாரும் சொல்லலை."

முடித்ததும் எழுந்த கைதட்டலில் என் காது அடைத்தது. சந்தோஷத்தில் அழுதே விட்டேன்.

கீழே இறங்கியதும், "சிரிச்சுட்டாங்க அண்ணி" என்றேன்.

அவர் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"சிரிச்சாங்க. எனக்கு வேர்த்துருச்சே, அதுக்கு என்ன சொல்ற? அடுத்த கூட்டத்துல நீதான் முதல்ல வாசிக்கிற."