வளர்கிற பிள்ளைக்கு ஒரு கிட்டார்

“எட்டுதுப்பா. நல்லா பாருங்க.”

“எங்க எட்டுது? தோள் காது வரைக்கும் ஏறி நிக்குது. கை எட்டலைன்னாதான் தோள் தூக்கும், எனக்குத் தெரியாதா?”

“போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க.”

“போன வருஷமும் எட்டல. வளர்ற பிள்ளை, கொஞ்சம் பெருசா இருந்தாத்தான் நல்லது. அடுத்த வருஷம் சரியா வந்துடும்.”

“பெருசா இருக்கறதுக்கு அது என்ன, அவளுக்குத் தைக்கிற கவுனா?” என்று உள்ளே பொத்தான் கோர்த்துக்கொண்டிருந்த அம்மாவின் குரல் கேட்டது.

இந்தப் பேச்சு நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு. பதின்மூன்று வயது மகளின் மடியிலிருந்து கிட்டாரை வாங்கி, தையற்காரரான அப்பா அதன் பெட்டிக்குள் வைத்தபோது பெட்டி மூடவில்லை. கிட்டார் ஒன்றரை இன்ச் வளர்ந்திருந்தது.

அவர் முதலில் டேப்பைத்தான் சந்தேகப்பட்டார். நனைந்து காய்ந்த டேப் சுருங்கிப் பொய் சொல்லும் என்பது தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். புது டேப் வாங்கிவந்து அளந்தார். ஒன்றரை இன்ச்தான். கழுத்து, வயிறு, தந்திகள், தந்தி முறுக்கும் காதுகள் எல்லாமே சரிவிகிதத்தில் வளர்ந்திருந்தன, ஒரு பிள்ளை வளர்வதைப் போல. அந்த வருடம் நூல்கண்டு விலையும் ஏறியது. தெருவில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

தையற்காரர் பிறப்பதற்குப் பதினோரு வருடம் முன்பு செய்யப்பட்ட கிட்டார் அது. மேல்பலகை கெட்டித் தேநீரின் நிறத்துக்கு வந்திருந்தது. வாசிப்பவரின் முழங்கை படும் இடத்தில் மெருகு தேய்ந்து வெறும் மரம் தெரிந்தது. வட்டத் துளைக்குள் ஒட்டியிருந்த காகிதத்தில், செய்தவரின் கையெழுத்து இரண்டு எழுத்தாக மங்கிப்போயிருந்தது. தையற்காரருடைய அண்ணன் வேலை கிடைத்து ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, செருப்பை மாட்டிக்கொண்டே, “நீ வெச்சுக்கடா” என்று சொல்லித் தம்பி கையில் கொடுத்தது. கை எட்டுமா என்றெல்லாம் யாரும் பார்க்கவில்லை. ஒன்பது வருடம் சனிக்கிழமைதோறும் ஆற்றங்கரை ஹோட்டலில் வாசித்தார். பிறகு கடை, கல்யாணம், குழந்தை. கிட்டார் பெட்டிக்குள் போனது. மாதம் ஒருமுறை எடுத்துத் துடைத்து, சுருதி சேர்த்து, வாசிக்காமலே திரும்ப வைத்துவிடுவார்.

மகளை வீட்டில் சுண்டெலி என்றுதான் கூப்பிட்டார்கள். மகளுக்குக் கொடுக்காததற்கு அவர் சொன்ன காரணம் கை. சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. அவளுக்குப் பன்னிரண்டு வயதில், பக்கத்து வீட்டு ஒட்டுப்பலகைக் கிட்டாரை இரவல் வாங்கிவந்து மூலையில் உட்கார்ந்து ஒரு மெட்டை வாசித்தாள். அந்த மெட்டைப் பிடிக்க அவருக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது. அவளுக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவருக்குச் சந்தோஷம் வந்தது. அதன் பின்னாலேயே, அதே கதவு வழியாக, இன்னொன்றும் வந்தது. ஊசி கட்டைவிரலில் ஏறியது. “நல்லாருக்கு, வேகத்தைக் கொஞ்சம் குறை” என்று மட்டும் சொன்னார்.

பெட்டி போதாமல் போனதால் கிட்டாருக்குக் கித்தான் துணியில் உறை தைத்தார். இங்கேதான் தவறு நடந்தது; ஒரு தையற்காரர் மட்டுமே செய்யக்கூடிய தவறு. இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூடச் சீருடை தைத்த கை அது. வளர்வதற்கு இடம் கொடுத்து, உள்ளே இரண்டு இன்ச் துணி மடித்துவிட்டுத்தான் அந்தக் கைக்குத் தைக்கத் தெரியும். எட்டு மாதத்தில் கிட்டார் உறையை நிரப்பிவிட்டது. உள்மடிப்பைப் பிரித்துவிட்டார். அதையும் நிரப்பியது. புது உறை தைத்தார், மறுபடியும் உள்மடிப்போடு.

“இடம் விட்டா வளரத்தானே செய்யும்? இறுக்கித் தைங்களேன்” என்றாள் மனைவி. அவள் பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலில் வேலை பார்ப்பவள். கேட்டதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிப் பழகியவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க முயன்றார். வெட்டும்போது கை தானாக இரண்டு இன்ச் தள்ளியே வெட்டியது.

கிட்டார் பழுதுபார்ப்பவர் வந்து தட்டிப் பார்த்தார். பழைய மரம் ஈரத்தில் ஊதும் என்றார். தந்தி ஏன் ஊதுகிறது என்று கேட்டதற்கு, “அத நான் பாக்கறதில்லைங்க, மரம் மட்டுந்தான்” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனார். சுண்டெலி வருடத்துக்கு மூன்று இன்ச் வளர்ந்தாள், கிட்டாரும் மூன்று இன்ச் வளர்ந்தது. கதவு நிலையில் பென்சிலால் இரண்டு கோடுகள் பக்கம் பக்கமாக ஏறின. ஒவ்வொரு பிறந்தநாளிலும் அவள் கேட்டாள். ஒவ்வொரு பிறந்தநாளிலும் அவர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார்.

பதினைந்தாவது வயதில், கோடை விடுமுறையில், அவள் திடீரென்று உயர்ந்தாள். முழங்கை, மணிக்கட்டு எல்லாம் சட்டைக்கு வெளியே வந்தன. கிட்டார் எதனாலோ அந்த ஒன்றரை மாதம் சும்மா இருந்தது. ஒரு புதன்கிழமை, துணி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தவர், கட்டிலின் விளிம்பில் அவள் அதை வைத்து வாசித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். தோள் தூக்கவில்லை. இடது கை கழுத்தின் கடைசி வரை போய் நிதானமாக நின்றது. மெருகு தேய்ந்த இடத்தில் அவள் முழங்கை அச்சாகப் பொருந்தியிருந்தது. அறை முழுக்க அந்த ஒலி நின்றது. பதினைந்து வருடமாக அவர் கேட்காத ஒலி. அவர் வாசித்த காலத்தில்கூட அது அவ்வளவு நன்றாக இருந்ததில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேட்கத் தேவையிருக்கவில்லை.

அண்ணன் அன்று சொன்ன இரண்டு சொல் போதுமாக இருந்த இடம் அது. அவர் டேப்பை எடுத்தார். தோளிலிருந்து விரல்நுனி வரை அளந்தார். “கால் இன்ச் குறையுது” என்றார். “அதனால என்ன. அடுத்த வருஷம்.”

“சரிப்பா” என்றாள் சுண்டெலி.

மறுநாள் காலை கிட்டார் கட்டிலைவிட நீளமாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பதினாறாவது பிறந்தநாளன்று அவர் டேப்போடு காத்திருந்தார். அவள் பேருந்து நிலையத்து நிழற்குடையில், பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளுக்கே விட்டுக்கொடுத்த ஒட்டுப்பலகைக் கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தாள். விசாரணை ஜன்னலுக்குள் இருந்த அம்மா, பேருந்து எப்போது என்று கேட்டவர்களை இரண்டு நிமிடம் காக்க வைத்தாள்.

கிட்டார் வளர்ந்தது. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்தார்கள். அதன் குரல் தணிந்து தணிந்து, கடைசியில் காதுக்குக் கேட்காமல் தம்ளர் தண்ணீரில் மட்டும் வளையம் போட்டது. வாடிக்கையாளர்கள் முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு தங்கள் கோட்டுகளை அதன் காதுகளில் மாட்டினார்கள். வட்டத் துளைக்குள் ஒரு பூனை நான்கு குட்டி போட்டது. தபால்காரர் குடை மறந்துவிட்டுப் போவதற்கு அது வசதியான இடமாக இருந்தது. உறைக்கு முப்பத்தெட்டு மீட்டர் துணி பிடித்தது. அதற்கு மேல் அவர் தைக்கவில்லை.

பதினெட்டாவது வயதில் சுண்டெலிக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. கிளம்பும் அன்று பத்தரை மணிக்குப் பேருந்து. அம்மா முன்னாலேயே போய் ஜன்னலோர இருக்கை பிடித்து வைத்திருந்தாள். சுண்டெலி ஒரு பையும், தோளில் அந்த ஒட்டுப்பலகைக் கிட்டாருமாக நின்றாள். தையற்காரர் ஏணியில் நின்று கிட்டாரின் மேல்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இது உன்னோடதும்மா” என்றார் அங்கிருந்தே. “அன்னிக்கே உன்னோடதுதான்.”

சுண்டெலி கிட்டாரை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தாள். “ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்கு மூணு பேருப்பா” என்றாள். கோபமில்லை. பேருந்து நேரம் சொல்வது மாதிரி, அம்மாவின் குரலில் சொன்னாள். “இங்கயே இருக்கட்டும். பூனைக்கு வேணும்.”

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. ஏணியிலிருந்து இறங்கினார். கையைக் கால்சட்டையில் துடைத்தார். இரண்டு முறை துடைத்தார். அவள் தோளில் தொங்கியதைப் பார்த்தார். ஓரம் பிளந்து, பசை தெரிந்து, அவள் கைக்குச் சரியான அளவில் இருந்தது அது.

“சுண்டெலி, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கில்ல?” என்றார். “உன்னோடத ஒரு அஞ்சு நிமிஷம் எங்கிட்ட குடேன். என் கை எட்டுதான்னு பாக்கறேன்.”