தம்பி கீழ நிக்கிறான்

செல்லக்கண்ணு ஈரத் துணியைப் பிழிந்து செம்பருத்தி இலையின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். கீழே கூடத்தில் சாவுக் காரியங்களை எடுத்து நடத்திக்கொண்டிருந்த முத்துசாமியின் குரல் மாடிப்படி ஏறி வந்தது.

"கொள்ளிக்கொடம் தூக்கறது யாருன்னு மொதல்ல சொல்லுங்க. லாரி வந்து நிக்கிது லா. அங்க பிடாடரி இடுகாட்டுல குழி வெட்டி வச்சிட்டுக் காத்துக்கிட்டிருக்காங்க."

சாவு வீட்டில் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமா? பாடைக்கு என்ன பூ, தலைமாட்டில் எந்த விளக்கு என்று காலையிலிருந்து ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான். இந்தக் கேள்வி வந்ததும் எல்லார் வாயிலும் வெற்றிலை நிறைந்துவிட்டது.

கீழே கிடத்தியிருந்த தங்கராஜுவுக்குப் பிள்ளை கிடையாது. கூடப்பிறந்தவன் துரைசாமி ஒருவன்தான். பிள்ளை இல்லாதவருக்குத் தம்பிதான் குடம் தூக்க வேண்டும். அந்தத் தம்பி அண்ணனோடு பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. காலையிலேயே அவன் வீட்டுக்கு ஆள் போய்ச் சொல்லியாயிற்று, இன்னும் வரக் காணோம். அவன் வர வேண்டும், அவன் கையால்தான் இவர் போக வேண்டும். செல்லக்கண்ணுவுக்கு அன்றைக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

ஆமினா பீவி மூச்சு வாங்க மேலே வந்தாள். அதே மாடியில் பின்னறைக் குடித்தனம் அவளுடையது.

"ஏம்புள்ள, புருஷன் கீழ கெடக்காரு. நீ இங்க உக்காந்து ஓணானுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருக்கே. சனம் என்னா பேசும்?"

"பேசட்டும் அக்கா. அவரு கடைசியாச் சொல்லிட்டுப் போன வேலை இதுதான்."

ஆமினா பீவி பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

பால் டின் வந்த மரப்பெட்டி அது. முன்பக்கம் கம்பிவலை அடித்து, உள்ளே செம்பருத்திக் கிளை ஒன்றைத் தகர டப்பாவில் நட்டு வைத்திருந்தது. அந்தக் கிளையில் இருக்க வேண்டிய பச்சோந்தி பெட்டியின் அடியில் கிடந்தது. உடம்பு கரும்பழுப்பாகி, கண் உள்ளே போய், வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

அது இந்த வீட்டுக்கு வந்த கதையை நினைத்தால் செல்லக்கண்ணுவுக்கு இப்போதும் வயிறு எரியும்.

போன வருஷம் பஸ் கம்பெனியில் ஸ்ட்ரைக். துரைசாமி டிரைவர், தங்கராஜு அதே வண்டியில் கண்டக்டர். அண்ணனும் தம்பியும் ஒரு வண்டியில் போவதைப் பார்த்து சிராங்கூன் ரோட்டில் கண் வைக்காதவர்கள் கிடையாது. ஸ்ட்ரைக் நடுவில்தான் செல்லக்கண்ணுவுக்குப் பிள்ளை பிறந்தது. செத்துப் பிறந்தது. அதைப் புதைத்துவிட்டு வந்த தங்கராஜு, மறு வாரம் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். கம்பெனி ஒப்புக்கு ஓட்டிக்கொண்டிருந்த வண்டி ஒன்றில் ஏறி டிக்கெட் கிழித்தார். டிப்போ வாசலில் கொடி பிடித்து நின்ற கூட்டத்தில் துரைசாமியும் நின்றான். அண்ணன் படியில் தொங்கிக்கொண்டு வெளியே போவதைத் தன் கண்ணாலேயே பார்த்தான்.

"பச்சோந்தி!" என்று யாரோ கத்தினார்கள். பேர் ஒட்டிக்கொண்டது.

ஏன் போனார் என்று தங்கராஜு ஒருவரிடமும் சொல்லவில்லை. அவளிடம் மட்டும் சொன்னார். "தூளி கட்ட உத்தரத்துல கொக்கி அடிச்சு வச்சேன்ல புள்ள. அதப் பாத்துக்கிட்டு வீட்ல உக்கார முடியல."

"இத உங்க தம்பிகிட்ட சொன்னா என்ன?"

"கேட்டா சொல்லலாம்."

தம்பி கேட்கவில்லை, அண்ணன் சொல்லவில்லை. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்லவா, பிடிவாதமும் ஒன்றுதான்.

ஸ்ட்ரைக் முடிந்து எல்லாரும் வேலைக்குத் திரும்பிய அன்று தங்கராஜு தன் காசுப் பையைத் திறந்தார். உள்ளே இந்தப் பச்சோந்தி. டிப்போவே சிரித்தது. போட்டவன் துரைசாமி. அதை மறைக்கக்கூட இல்லை அவன், முன்னால் வந்து நின்று சிரித்தான். அன்றே வேறு வண்டிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டும் போய்விட்டான். பையின் பூட்டில் நசுங்கி அதற்கு ஒரு முன்னங்கால் முறிந்திருந்தது. வேறு யாராவது என்றால் வாலைப் பிடித்துச் சாக்கடையில் வீசியிருப்பார்கள். இவர் தொப்பிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"என்ன கருமம் இது?" என்றாள் செல்லக்கண்ணு.

"தம்பி குடுத்தது" என்றார்.

அன்றிலிருந்து அதற்குத் தம்பி என்றே பேராகிவிட்டது.

தீக்குச்சியை வைத்து நூல் சுற்றி அவரே கட்டுப் போட்டார். கால் கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தது. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போனான். ஒரு நாள் ஜன்னல் வழியாக மழைச் சாரல் அடித்து இலை நனைந்தபோதுதான் நாக்கை நீட்டி நக்கினான். "அட கழுதை, இலைல விழுந்தாத்தான் ஐயாவுக்குத் தண்ணியா?" என்று தங்கராஜு சிரித்த சிரிப்பில் ஆமினா பீவி பின்னறையிலிருந்து ஓடி வந்தாள். மலாய்க்காரர்கள் இதைச் சும்பா-சும்பா என்பார்கள், சும்பா என்றால் சாபம், வீட்டில் வைக்காதே என்று அவள்தான் முதலில் பயமுறுத்தியவள். பிறகு அவளே எட்டுக்கால் பூச்சி பிடித்துக் கொடுத்தாள்.

செல்லக்கண்ணு வெட்டுக்கிளி வாங்கப் பறவைக் கடைக்குப் போனாள். சீனர்கள் வளர்க்கும் பாட்டுக்குருவிகளுக்கு என்று அங்கே விற்பதில் கொஞ்சம் இதற்கும் வாங்கி வருவாள். "மனுஷனுக்கு மீன் வாங்கத் தேக்கா மார்க்கெட்டுக்கு ஒரு நடை, இதுக்கு வெட்டுக்கிளி வாங்க ஒரு நடை. நல்லா இருக்குது என் பொழப்பு" என்று புலம்புவாள். வெட்டுக்கிளியின் காலைப் பிடித்து நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தம்பி நன்றாக இருந்தால் இளம்பச்சை, உடம்புக்கு ஆகவில்லை என்றால் பழுப்பு. வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போதே அவர் கேட்பார், "தம்பி இன்னிக்கி என்ன நெறம்?"

பிறகு அவருக்குக் காமாலை வந்தது. கண் மஞ்சளாகி, நகம் மஞ்சளாகி, ஆள் படுக்கையோடு படுக்கையானார். கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "பாத்தியா, கடைசில நானும் நெறம் மாறிட்டேன். டிப்போல சொன்னது பலிச்சிருச்சு" என்றார்.

"வாயக் கழுவுங்க" என்று சொன்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய் அழுதாள்.

அவர் கஞ்சியை நிறுத்திய சமயத்தில் தம்பியும் தண்ணீரை நிறுத்தினான். இரண்டு பேருக்கும் சேர்த்து அவள்தான் பாடுபட்டாள்.

இன்று காலை வெயில் எதிர்க்கடைச் சுவரில் ஏறும் நேரம். அவர் ஜன்னலோரக் கட்டிலில் தெருவைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். வெளிச்சம் வேண்டியிருக்கிறது போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். சட்டென்று அவர் குரல் கேட்டது, இரண்டு நாளாகக் கேட்காத குரல்.

"செல்லக்கண்ணு... தம்பி கீழ நிக்கிறான். தண்ணி குடு."

அவள் கதவோரம் இருந்த பெட்டியைப் பார்த்தாள். ஆமாம், கிளையிலிருந்து விழுந்து கீழேதான் கிடந்தது. ஓடிப்போய் மேலே எடுத்து வைத்து இலையில் தண்ணீர் சொட்டினாள். அது வாயைத் திறக்கவே இல்லை, மறுபடி கீழே சரிந்தது.

"குடுத்துட்டேங்க" என்றாள்.

"குடிச்சானா?"

"குடிச்சான்."

சாகப்போகிற மனிதரிடம் ஒரு பொய், போகட்டும் என்று நினைத்தாள். அவர் முகம் தெளிந்தது. ஏதோ பெரிய வேலை முடிந்ததுபோல் கண்ணை மூடிக்கொண்டார். அவள் கஞ்சித் தண்ணீரோடு திரும்பி வந்தபோது மூச்சு இல்லை.

"புள்ள, இங்க வா" என்றாள் ஜன்னலோரம் போயிருந்த ஆமினா பீவி. "அந்தா, எதிர்க்கடைத் தூணுக்குப் பின்னால நிக்கிறது உன் கொழுந்தன்தானே?"

துரைசாமிதான். காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் நின்றுகொண்டிருந்தான்.

செல்லக்கண்ணு படியில் இறங்கினாள். "முத்துசாமி இப்பத்தான் போய்க் கூப்பிட்டாரும்மா, வரமாட்டேங்குது. வேணும்னா நானே..." என்று யாரோ பேசினார்கள். "பொம்பள தெருவுக்குப் போகக் கூடாது" என்று இன்னொருத்தி கையைப் பிடித்தாள். உதறிவிட்டு, கணவனைத் தாண்டி, வாசலை ஒட்டிய ஐந்தடிப் பாதையைத் தாண்டி, தெருவைக் குறுக்கே கடந்தாள். ஒரு ரிக்‌ஷாக்காரன் மணியடித்துத் திட்டிக்கொண்டே ஒதுங்கினான்.

"தம்பி, உள்ள வா."

"வேணாம் அண்ணி. இங்கேருந்தே பாத்துட்டுப் போயிடறேன்."

"செத்த மனுஷன்கிட்டயுமா கோபம்?"

"எனக்குக் கோபமா?" என்றான் துரைசாமி. "காலையிலேயே வந்தேன் அண்ணி. அண்ணனுக்கு முடியலன்னு டிப்போல சொன்னாங்க, அப்படியே ஓடியாந்தேன். நானா மேல ஏறி வர மூஞ்சி இல்ல. இங்கதான் நின்னேன். அண்ணன் ஜன்னல் வழியா என்னைப் பாத்தாரு. நல்லாப் பாத்தாரு. கூப்பிடுவாரு கூப்பிடுவாருன்னு நின்னேன். மேலேருந்து அப்ப யாரும் வரல. அவரே என்னை வேணாம்னு விட்டுட்டாரு, நான் எப்படிக் கொடம் தூக்க?"

செல்லக்கண்ணு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். தம்பி கீழ நிக்கிறான். நிக்கிறான் என்றல்லவா சொன்னார். அது எங்கே நின்றது? கிடந்தது. கிடக்கிறதை யாராவது நிற்கிறது என்பார்களா? ஒரு வருஷமாகத் தம்பி தம்பி என்று கேட்டுக் கேட்டு, அவளுக்கு அந்த வார்த்தை இன்னொருவனுக்கும் உரியது என்பதே மறந்துபோயிருந்தது.

"ஐயோ, பாவி நான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "கூப்பிட்டாரு தம்பி. உன்னைக் கூப்பிட்டாரு. தம்பி கீழ நிக்கிறான், தண்ணி குடுன்னாரு. எனக்குத்தான் புரியல. நான் பெட்டியில இருந்ததுக்குப் போய் ஊத்தினேன்."

"எதுக்கு ஊத்துனீங்க?"

"நீ பையில போட்டியே, அதுக்கு. அதுக்குப் பேரே தம்பிதான். நீ குடுத்ததாம்."

துரைசாமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் வெளுத்துப் போயிற்று. "அது... இன்னும் உசுரோடயா இருக்கு?"

"இருக்கு. பைப் பூட்டுல நசுங்கிக் கால் ஒடஞ்சு கெடந்துச்சு. கட்டுப் போட்டு வளத்தாரு." அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அன்னிக்கி ஏன் வேலைக்குப் போனாருன்னு ஒரு வார்த்த நீ கேட்டியா? புள்ள இல்லாத வீட்ல உக்காந்திருக்க முடியாமப் போனாரு. வேற ஒண்ணுமில்ல. கேட்டா சொல்லுவேன்னு உக்காந்திருந்தாரு."

துரைசாமி அப்படியே தூணடியில் உட்கார்ந்து, "அண்ணே, அண்ணே" என்று வாய்விட்டு அழுதான். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் அவன் அழுது முடிக்கும்வரை நின்றாள்.

"குடிச்சானான்னு கேட்டாரு" என்றாள் பிறகு. "குடிச்சான்னு சொன்னேன். அதக் கேட்டுட்டுத்தான் கண்ண மூடினாரு."

அவன் எழுந்து அவள் பின்னால் வந்தான். கூட்டம் வழிவிட்டது. அண்ணன் காலடியில் விழுந்து இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. சடங்கு செய்ய வந்த பண்டாரம் குடத்தில் தண்ணீர் நிறைத்து வைத்துவிட்டு, "தம்பி குளிச்சிட்டு வரட்டும்" என்றார்.

துரைசாமி எழுந்து, "அண்ணி, அது எங்க இருக்கு?" என்று கேட்டான்.

மாடியில் பெட்டியின் முன் மண்டியிட்டு உட்கார்ந்தான். கோணல் காலைப் பார்த்தான். வாளியிலிருந்த துணியை எடுத்தான். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை, பிழியத் தெரியாமல் ஒரேயடியாக ஊற்றியது. "மெதுவா, சொட்டுச் சொட்டா" என்றாள் செல்லக்கண்ணு. அவன் ஒரு இலையைப் பிடித்து அதன் வாயருகே வளைத்துக்கொண்டு சொட்டு விட்டான். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொன்று விட்டான். மூச்சை அடக்கிக்கொண்டு இன்னொன்று. தண்ணீர் நுனியில் திரண்டு, அதன் உதட்டில் பட்டு வழிந்தது. பச்சோந்தி ஒரு கண்ணை மட்டும் திறந்தது. சின்ன நாக்கு வெளியே வந்து சொட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போயிற்று. மறுபடி வந்தது.

துரைசாமி அசையவில்லை. கண்ணீர் தாடையிலிருந்து சட்டையில் விழுந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை.

"என்னம்மா, நேரமாகுது லா!" என்று கீழிருந்து முத்துசாமி குரல் கொடுத்தார். "எங்க போச்சு தம்பி?"

செல்லக்கண்ணு மாடிப்படி உச்சிக்கு வந்து குனிந்து பார்த்தாள்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே. தம்பி தண்ணி குடிக்குது."

"குடிக்கட்டும், குடிக்கட்டும்" என்றார் முத்துசாமி. "காலையிலேருந்து வெயில்ல நின்ன புள்ள."