ஓட்டிப் பார்த்தல்

வாஷிங் மெஷின் மெக்கானிக்கின் முதுகு போனது மெஷினைத் தூக்கும்போது அல்ல. அப்படிப் போயிருந்தால் வெளியில் சொல்லிக்கொள்ளவாவது ஒரு மரியாதை இருந்திருக்கும். முன்பக்கம் கதவு வைத்த மெஷினுக்குள் ஒரு கான்கிரீட் பாளம் உண்டு. துணி பிழியும் வேகத்தில் மெஷின் தன் இடத்தைவிட்டு நடக்க ஆரம்பித்துவிடாமல் இருக்க வைக்கும் கனம் அது. அந்தக் கனத்தோடு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், அன்று அவரும் மச்சினனும் மெஷினை மாடிக்கு ஏற்றினார்கள். குழாய் மாட்டி, மட்டம் பார்த்து, ஓட்டியும் பார்த்தாகிவிட்டது. கிளம்பும்போது தரையில் ஒரு திருகாணி கிடந்தது. எடுக்கலாம் என்று குனிந்தார். அவ்வளவுதான்.

"என்ன மாமா, தரையவே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றான் மச்சினன். ஆள் அவ்வளவு ஒல்லி. குண்டூசி என்றால்தான் கடைத்தெருவில் தெரியும்.

"நிக்கலடா. மாட்டிக்கிட்டேன்."

அவரைத் தோளில் தாங்கிப் படியிறக்கும்போது குண்டூசி சொன்னான்: "யானைய தூக்கிட்டு எறும்புகிட்ட விழுந்துட்டீங்களே மாமா."

பொழுது சாய்வதற்குள் வலி இடுப்பைவிட்டு இறங்கியது. பிட்டத்தில் நுழைந்து, தொடையின் பின்பக்கமாகப் போய், கெண்டைக்காலின் வெளிப்புறம் வளைந்து, கால் கட்டைவிரலில் போய் நின்றது. பழுக்கக் காய்ச்சிய கம்பியை யாரோ காலுக்குள் கோத்துவிட்டது போல இருந்தது. உட்கார்ந்தால் அதிகம். தும்மினால் சொல்லவே வேண்டாம்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், மேஜைமேலிருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பை எடுத்து விளக்கினார். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மெத்தை இருக்கிறது. அதன் வெளிச்சுற்று டயர் மாதிரி, அடுக்கடுக்கான கெட்டி நார். உள்ளே கொழகொழப்பான ஒரு ஜவ்வு. முன்பக்கம் குனியும்போது மெத்தையின் முன்பாதி நசுங்க, உள்ளே இருப்பது பின்பக்கமாகத் தள்ளும். வருஷக்கணக்கில் தள்ளித் தள்ளி நார் நைந்து, ஒருநாள் ஒரு திருகாணியைச் சாக்காக வைத்துப் பிதுங்கிவிடுகிறது. பிதுங்கிய இடத்தை ஒட்டியே காலுக்குப் போகும் நரம்பு கிளம்புகிறது. அழுத்துவது இடுப்பில், அலறுவது கால் விரல். வயர் அறுந்த இடம் ஒன்று, விளக்கு மினுக்கும் இடம் இன்னொன்று என்பதில் மெக்கானிக்குக்குப் புதிதாக ஒன்றுமில்லை.

"நிறைய பேருக்கு, வெளிய வந்த ஜவ்வ உடம்பே கொஞ்சம் கொஞ்சமா கரைச்சிடும்" என்றார் டாக்டர். "ஆனா உங்களுக்கு கட்டைவிரல்ல பலம் குறைஞ்சிருக்கு. பிசியோகிட்ட போங்க, மாத்திரை சாப்பிடுங்க. அடுத்த செக்கப்புக்குள்ள விரல் தேறினா நல்லது. தேறலன்னா ஆபரேஷன் பத்திப் பேசுவோம். நடுவுல பாதம் தொங்கிப்போச்சு, இல்ல ஒண்ணுக்குப் போறதுல மாற்றம் தெரியுது, இல்ல உட்கார்ற இடம் மரத்துப்போச்சுன்னா, செக்கப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே ஓடி வரணும்."

"ஓடியா?" என்று கேட்டார் மெக்கானிக்.

ஆபரேஷன் என்ற சொல்லை அன்றிலிருந்து அவர் வாயால் சொல்லவில்லை. 'பிரிக்கிறது' என்றுதான் சொன்னார். எத்தனையோ மெஷினைப் பிரித்து மூடியவர். எல்லாம் ஓடத்தான் செய்கின்றன. ஆனாலும் ஒருமுறை கழற்றிய திருகு, கம்பெனியில் முறுக்கியது போல மறுபடி உட்காருவதில்லை என்பது அவர் கையறிந்த விஷயம். "பிரிச்ச மெஷின் பிரிச்ச மெஷின்தான்" என்பார்.

"டாக்டர் ஒண்ணும் உங்கள மாதிரி நாலு திருகாணிய மிச்சம் வெச்சுட்டு மூட மாட்டார்" என்றாள் மனைவி.

அவளுக்கு மருந்துக்கடை கவுன்ட்டரில் வேலை. காலையிலிருந்து கடை மூடும்வரை நின்றபடி ஊரார் நோய்க்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு, வீங்கிய கணுக்காலோடு வருவாள். ஆக அந்த வீட்டில் ஒருவரால் உட்கார முடியாது, இன்னொருவரால் நிற்க முடியாது. அவர் ஃப்ரிட்ஜின் தலையில் தட்டை வைத்து நின்றுகொண்டு சாப்பிட்டார். அவள் நாற்காலியில் சாய்ந்து, எதிர் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு சாப்பிட்டாள். பேச வேண்டியதையெல்லாம் மேலுக்கும் கீழுக்குமாகப் பேசிக்கொண்டார்கள். போகப்போகப் பேச்சும் குறைந்தது. வலியைப் பற்றிச் சொல்ல அவரிடம் புதிதாக ஒன்றுமில்லை. கேட்க அவளிடம் தெம்பில்லை.

பிசியோ அம்மா சிறிய உருவம், பெரிய குரல். தலைமாட்டில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்க வேண்டும். கொஞ்சம் நடை, கொஞ்சம் படுக்கை, மறுபடி நடை. நாளெல்லாம் படுத்தே கிடக்கக் கூடாது. எதையும் எடுக்க முழங்காலை மடக்கி இறங்க வேண்டும். எழுந்ததும் காலைப் பொழுதில் குனியவே கூடாது. இடுப்புக்கு ஒரு பெல்ட்டும் கொடுத்தாள், வெளியே போகும்போது மட்டும் போட. அதைப் பார்த்த குண்டூசி, "ஊர் மெஷினுக்கெல்லாம் பெல்ட் மாத்துவீங்க. இப்ப உங்களுக்கே பெல்ட் போட்டு அனுப்பிட்டாங்க" என்றான்.

மெக்கானிக்கின் ரிப்பேர் கடையை இப்போது அவன்தான் பார்த்தான். கைத்திறன் உண்டு, காதுதான் போதாது. அதனால் மதியத்தில், மெக்கானிக் கூடத்தில் குப்புறக் கிடக்கும் நேரம் பார்த்துப் போன் வரும்.

"மாமா, சத்தம் கேளுங்க." போனை மெஷினோடு ஒட்டி வைப்பான்.

"கரகரன்னு வருதே. பேரிங்குடா."

"நான் பம்புன்னு நெனச்சேன்."

"பம்பு இப்படி அழாது. பேரிங் மாத்திட்டு காலியா ஓட்டிப் பாரு. அப்புறம் துணி போட்டு ஓட்டிப் பாரு. ஓட்டிப் பாக்காம கைய கழுவிட்டு வராத."

இதுதான் அவர் தொழிலின் முதல் பாடமும் கடைசிப் பாடமும். சரிசெய்துவிட்டோம் என்று நம்புவது வேறு, ஓட்டிப் பார்ப்பது வேறு. ஓட்டிப் பார்க்காத வேலை அவருக்கு முடிந்த வேலை அல்ல.

ஆகவே, பிசியோ அம்மா சொன்ன அத்தனையையும் செய்துகொண்டு, யாரும் சொல்லாத ஒன்றையும் அவர் செய்துவந்தார். விடிந்ததும், மனைவி எழுவதற்குள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். முழங்காலை விறைப்பாக வைத்து, கையைத் தொங்கவிட்டு, மெதுவாகக் குனிவார். விரல்நுனி முட்டியைத் தாண்டி எதுவரை இறங்குகிறது, எந்த இடத்தில் காலுக்குள் அந்தக் கம்பி சுரீரென்று இழுக்கிறது என்று பார்ப்பார். நேற்றைக்கு இன்று தேவலையா என்று தெரிய வேண்டாமா? பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்து நிமிர்ந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார்.

தேறவில்லை. சாயங்காலம் கொஞ்சம் தெளிந்தது போல இருக்கும், மறுநாள் காலையில் பழைய குருடி கதவைத் திறடி. பிசியோ அம்மாவுக்கே புரியவில்லை.

"காலையில எதாவது தூக்குறீங்களா?"

"ஒரு செம்பு தண்ணிகூட தூக்கல மேடம்."

"குனியறீங்களா?"

"இல்ல மேடம்."

பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் கணக்கில் அது குனிவது அல்ல, ஓட்டிப் பார்ப்பது. கடையிலும் அப்படித்தான், சோதனைக்கு ஓடும் தண்ணீரும் மின்சாரமும் யார் கணக்கிலும் சேராது.

செக்கப் நெருங்கிய வாரம். மருந்துக்கடையிலிருந்து வந்த மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்தாள். அவர் ஃப்ரிட்ஜில் முழங்கையை ஊன்றி நின்றிருந்தார்.

"பண்ணிடலாங்க" என்றாள்.

"எத?"

"பிரிக்கிறத. இன்னிக்கு கவுன்ட்டர்ல ஒரு ஆளு முதுகு வலிக்கு மாத்திரை கேட்டார். எனக்கு அவரைப் பார்த்துக் கோவம் வருது. பாவம், அவர் என்ன பண்ணார் என்னை?" நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "எனக்கு முடியலங்க. உங்களுக்கும் முடியல. பயந்துக்கிட்டே எத்தன நாளைக்கு?"

அவர் கால் கட்டைவிரலை மேலே தூக்கிப் பார்த்தார். அது பாதி எழுந்து, தூக்கம் கலையாத பிள்ளை போல மறுபடி சாய்ந்துகொண்டது.

"சரி" என்றார். "டாக்டர் கேட்டா சரின்னு சொல்லிடறேன்."

அந்தச் சொல்லுக்குப் பிறகு வீட்டில் ஒரு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள்.

விடிந்ததும் வழக்கம் போலக் குளியலறைக்குப் போனவர் தாழ்ப்பாளை மறந்துவிட்டார். மருந்துக்கடையைத் திறக்க வேண்டிய முறை அன்று அவளுடையது. அரைத்தூக்கத்தில் கதவைத் தள்ளியவள், புருஷன் காலைப் பார்த்துக் கவிழ்ந்து தொங்குவதைக் கண்டு அப்படியே நின்றாள்.

"என்னங்க விழுந்தது?"

"ஒண்ணும் விழல."

"அப்ப என்ன பண்றீங்க?"

"ஓட்டிப் பாக்கறேன்."

"எத்தன நாளா?"

அவர் சுவரைப் பிடித்து நிமிரும்வரை பொறுத்திருந்தாள். "தினமும்தான்" என்றார். கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அதற்கும் அவளிடம் தெம்பில்லை. "குரங்குப் புண் ஆறாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு சமையலறைக் குழாய்க்குப் போய்விட்டாள்.

அன்று மதியம் ஒரு மணிநேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, கூடவே கிளினிக்குக்கு வந்தாள். மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

பிசியோ அம்மா முதலில் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு சிரித்தாள். பிறகுதான் சொன்னாள்.

"ராத்திரி படுக்கும்போது முதுகுமேல பாரம் இல்ல. அப்ப அந்த மெத்தை, ஸ்பான்ஞ்ச தண்ணியில போட்ட மாதிரி, ஊறி உப்பிக்கும். அதனாலதான் காலையில நாம எல்லாருமே கொஞ்சம் உயரம். எழுந்து நடமாட நடமாட அது வத்தி வழிக்கு வரும். உப்பின நேரத்துல குனிஞ்சா உள்ள இருக்கிற அழுத்தம் ரொம்ப அதிகம். ஒரு நாள்லயே அதுக்கு ஆகாத நேரம் அதுதான். நீங்க அந்த நேரமாப் பாத்து, அதுவும் முட்டிய மடக்காம, நரம்பையும் சேத்து இழுத்து விட்டிருக்கீங்க. பகலெல்லாம் ஆறினத காலையில ஒரு தடவ குனிஞ்சே கிளறிட்டு, ஏன் ஆறலன்னு என்னைக் கேக்கறீங்க."

"தெரிஞ்சுக்க வேண்டாமா மேடம், சரியாச்சா இல்லையான்னு?"

"உங்க கடையில பசை போட்டு ஒட்டினத என்ன பண்ணுவீங்க?"

"காயணும். காயற வரைக்கும் தொடக் கூடாது."

"ஒட்டிச்சான்னு இழுத்துப் பாப்பீங்களா?"

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரில் மாட்டியிருந்த நரம்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செக்கப்பைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லி பிசியோ அம்மாவே டாக்டரிடம் பேசினாள். பாதம் தொங்கினால் மட்டும் பேச்சே இல்லை, உடனே வர வேண்டும் என்ற நிபந்தனையோடு டாக்டர் ஒப்புக்கொண்டார்.

ஓட்டிப் பார்க்காமல் இருப்பது வலியைவிடக் கஷ்டமாக இருந்தது. கண் விழித்ததும் இடுப்பு 'குனி, குனி' என்று நச்சரிக்கும். மனைவி குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி மருந்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டாள். விடியற்காலையில் அவர் கூடத்தில் விறைப்பாக, காவலுக்கு நிற்கும் சிப்பாய் போல நடந்துகொண்டிருப்பார். நாட்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, முகம் இல்லாமல் போயின.

பிறகு ஒருநாள் இடுப்பு முன்னைவிடக் கடுமையாக வலித்தது. அவர் பயந்துபோய் பிசியோ அம்மாவுக்குப் போன் போட்டார்.

"கால் எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அவள்.

அவர் யோசித்தார். விரலில் இல்லை. கெண்டையில் லேசாக. தொடைக்கு மேலேதான் எல்லாம்.

"வலி கீழ இருந்து மேல ஏறினா அது பின்வாங்குதுன்னு அர்த்தம். இடுப்புல கொஞ்சம் கூடத்தான் செய்யும். வந்த வழியா திரும்பிப் போகுது, போக விடுங்க. வழிமறிச்சு விசாரிக்காதீங்க."

செக்கப்பில் டாக்டர் அவரைக் குதிகாலால் நடக்கச் சொன்னார். பிறகு படுக்கவைத்து, கட்டைவிரலைத் தன் விரலால் அழுத்தி, "தள்ளுங்க" என்றார். மெக்கானிக் தள்ளினார். அது எழுந்தது. நடுங்கிக்கொண்டு எழுந்தது, ஆனாலும் சாயவில்லை. கதவோரம் நின்ற மனைவி அந்த விரலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப பிரிக்க வேண்டாம்" என்றார் டாக்டர். அந்தச் சொல்லை எப்போது பிடித்துக்கொண்டாரோ தெரியவில்லை. "ஆனா இனிமே மெஷின் தூக்கறது கிடையாது. திரும்ப வராதுன்னும் நான் சொல்லல. உடற்பயிற்சிய விடாதீங்க."

வெளியே வந்ததும் அவள் முகத்தில் மகிழ்ச்சி தெரிகிறதா என்று பார்த்தார். அவள் நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் நின்றார். குண்டூசிக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவன், "அப்ப இனிமே தூக்கறதெல்லாம் நான், சத்தம் கேக்கறது நீங்க. இதுக்குப் பேரு முதலாளி" என்றான்.

மறுநாள் காலை கொடியிலிருந்து துணி எடுத்து வந்தவளின் கையிலிருந்து ஒரு சாக்ஸ் நழுவி, கூடத்தின் நடுவே விழுந்தது. அவர் அதன் முன்னால் நின்றார். திருகாணி அளவுகூடக் கனமில்லாத சாக்ஸ். முழங்காலை மடக்கி இறங்கினால் எடுத்துவிடலாம், பிசியோ அம்மா சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் இறங்கும் வழியில் கொஞ்சம் குனிந்து பார்க்கச் சொல்லி முதுகு கெஞ்சும் என்று அவருக்குத் தெரியும்.

"எப்படி இருக்கு இன்னிக்கு?" என்று கேட்டாள் அவள், கூடையை இறக்கி வைத்தபடி.

"தெரியல. பாக்கல."

அவள் சாக்ஸைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள். அவளும் குனிகிறவளாகத் தெரியவில்லை.

"கிடக்கட்டும்" என்றாள். "மத்தியானம் என் தம்பி வருவான்."

அவர் அதைச் சுற்றிக்கொண்டு தன் நடையைத் தொடர்ந்தார்.