நிற்கும், நிற்காது

பேராசிரியையின் இடது கண்ணிலிருந்து நீர் வழியத் தொடங்கி இந்த மழைக்காலத்தோடு பத்தொன்பது வருஷம் ஆகிறது. வலது கண்ணுக்கு ஒன்றும் இல்லை. தூங்கும்போதும் வழிகிறது, சிரிக்கும்போதும் வழிகிறது, பல்கலைக்கழகக் கூட்டங்களில் அவர் கொட்டாவி விடும்போதும் வழிகிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு டம்ளர். வெயில் காலத்தில் சற்றுக் குறையும். வகுப்பில் அவர் நிற்கும் மேடையருகே துறையினர் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருக்கிறார்கள். புதிதாக வரும் மாணவர்கள் முதல் நாள் திகைப்பார்கள். இரண்டாம் வாரம், அந்த வாளியில் காகிதத்தைக் கசக்கிப் போடக்கூடாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். தெருவில் அவருக்குக் கணக்கு டீச்சர் என்று பெயர். ஆனால் ஜன்னல் திரைக்கு எத்தனை மீட்டர் துணி வேண்டும் என்று கேட்டால் முழிப்பார். தம்பி இருந்தவரை அதையெல்லாம் தம்பிதான் சொல்வான்.

அந்தத் தம்பிக்கு எது நிற்கும், எது நிற்காது என்று தெரியும். கை வைத்தால் போதும். ஐந்து வயதில், குளியலறையில் சொட்டிக்கொண்டிருந்த குழாயைத் தொட்டு, "இது நிக்காது," என்றான். அப்பா பிளம்பரைக் கூட்டிவந்தார், வாஷரை மாற்றினார், குழாயையே மாற்றினார், கடைசியில் கோபம் தலைக்கேறி அதைப் பிடுங்கிப்போட்டுவிட்டுச் சுவரைப் பூசினார். பூசிய சுவரில் அதே இடத்திலிருந்து இன்றும் சொட்டுகிறது. பெரியவனானதும் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கும் வேலை கிடைத்தது. "நின்னு நின்னு போற பொழப்பு," என்று தானே சொல்லிச் சிரித்துக்கொள்வான். மழை, விக்கல், பிள்ளையின் அழுகை என்று எல்லாவற்றுக்கும் தெருக்காரர்கள் அவனைக் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டு மாமியார் மருமகள் சண்டைக்கு எங்கே கை வைப்பது என்று குழப்பம் வந்தபோது, சமையலறைக் கதவில் வைத்துப் பார்த்து, நிற்கும் என்றான். வியாழக்கிழமை நின்றது. மாடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் பேச்சு நிற்குமா என்று கேட்டதற்கு, அவர் தோளைத் தொட்டுவிட்டுப் பதிலே சொல்லாமல் படியிறங்கி ஓடிவந்தான். மனிதர்களின் நெஞ்சில் மட்டும் கை வைக்கமாட்டான். "அத மட்டும் என்கிட்ட கேக்காதீங்க," என்பான். அவன் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அக்காவின் ஆராய்ச்சியும் இதைப் பற்றியதுதான். அவர் ஆராய்ந்த இயந்திரங்கள் இரும்பால் செய்தவை அல்ல. காகிதத்தில் எழுதிய கட்டளைகள். இதைச் செய், பிறகு அதைச் செய், இப்படி வந்தால் மறுபடி முதல் வரிக்குப் போ. சில தாள்களில் உள்ள கட்டளைகள் வேலையை முடித்துவிட்டு நின்றுவிடும். சில செக்குமாடாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்தத் தாள் எந்த வகை என்று எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட ஒரு வழி கிடையாது என்பது அவர் பிறப்பதற்கு முன்பே நிரூபணமான விஷயம். காத்திருந்து பார்க்கலாம். நின்றால் தெரிந்துவிடும், நிற்காவிட்டால் இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும், அப்படிச் சொல்லத் தெரிந்த ஒருவன் இருப்பதாக வைத்துக்கொள்வோம், அவனால் என்னென்ன முடியும் என்று அந்தத் துறைக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். மற்றவர்களுக்கு அது பேச்சுக்கு வைத்துக்கொண்டது. அக்காவின் வீட்டில் அப்படி ஒருவன் பனியனோடு உட்கார்ந்து செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தான். அவர் நீட்டும் தாளின் மேல் கை வைத்துச் சொல்வான். போக வேண்டிய திசை தெரிந்துவிட்டால் நிரூபணத்தை அவரே தேடிக்கொள்வார். மற்றவர்கள் தப்பான சுவரில் முட்டிக்கொண்டு வருஷங்களைத் தொலைத்தார்கள். அவருடைய ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் தம்பிக்கு நன்றி என்று ஒரு வரி இருக்கும். டீ போட்டுக் கொடுத்ததற்காக இருக்கும் என்று சக பேராசிரியர்கள் நினைத்தார்கள். டீயும் அவன்தான் போட்டான்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு தேற்றம். எல்லாவற்றையும் பற்றிச் சொல்லத் தெரிந்தவனாலும் தன்னைப் பற்றிச் சொல்ல முடியாது என்பது அதன் சாரம். அதற்காக அவர் எழுதிய தாள் கொஞ்சம் குறும்பானது: என்னைப் பற்றி அவனிடமே கேள், நிற்கும் என்றால் சுற்று, நிற்காது என்றால் நில். அவன் எந்தப் பதில் சொன்னாலும் அது தப்பாகிவிடும். அதில் கை வைத்ததும் தம்பி சுடு பாத்திரத்தைத் தொட்டவன்போலக் கையை இழுத்துக்கொண்டான். "இது என்கிட்டயே திரும்பி வருதுக்கா. எனக்குத் தெரியல," என்றான். அவனுக்குத் தெரியாமல் போனது அதுதான் முதல் தடவை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அதை எவ்வளவு தூரம் நீட்ட முடியும் என்று மாதக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார்.

அந்த மாதங்களில்தான் தம்பிக்கு இருமல் வந்தது. ஒரு விடுமுறை நாள், மதியச் சாப்பாட்டின்போது இருமியதில் அவன் கையிலிருந்த தண்ணீர் மேஜையில் கொட்டியது. "இந்த இருமல் நிக்குமாடா?" என்று அக்கா ஏதோ யோசனையில் கேட்டார். அவன் முதல் தடவையாகத் தன் நெஞ்சில் கை வைத்தான். குழாய்க்கும் கதவுக்கும் வைத்த அதே அளவு நேரம்தான். பிறகு கையை எடுத்துவிட்டு, எப்படிச் சொல்வது என்று தெரியாதவன்போல அக்காவைப் பார்த்தான். வேறு எந்த வீட்டிலும் ஓர் அக்கா அந்த நிமிஷமே தம்பியை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடியிருப்பாள். இந்த அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கை தட்டினார். "பாத்தியா! உன்னப் பத்தி உன்னாலயே சொல்ல முடியாது! அதத்தான்டா நான் எழுதிட்டிருக்கேன்!" அம்மா போன பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆமாக்கா, தெரியல," என்றான். அவர் சாப்பிட்ட கையோடு எழுதப் போனார். அவன் இரண்டு தட்டையும் கழுவி வைத்தான்.

கட்டுரை வெளியாகி வாழ்த்துகள் வந்துகொண்டிருந்த வாரத்தில் தம்பி லிஃப்டுக்குள் மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். சில நாட்கள் கழித்து ஒரு மாலை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அக்கா அழுதார். தம்பி கையைத் தூக்கி அவருடைய இடது கன்னத்தில் வைத்தான். வலது கன்னம் எட்டவில்லை. "இது நிக்காதுக்கா," என்றான், அது தன் குற்றம் என்பதுபோல. சாப்பாட்டு வண்டி வருவதற்குள் இருமல் நின்றுவிட்டது.

அழுகை சில மாதங்களில் ஓய்ந்தது. இடது கண் ஓயவில்லை. அக்கா வேலைக்குப் போனார். வருஷாவருஷம் சொல்லித்தரும் ஓர் உத்தியை அந்த வருஷமும் சொல்லித்தந்தார்: ஒரு கேள்விக்கு விடை தெரியாது என்கிறான் ஒருவன். ஆனால் அந்த விடை தெரியாமல் பதிலே சொல்ல முடியாத இன்னொரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்கிறான். அப்படியானால் முதல் கேள்விக்கும் அவனுக்கு விடை தெரியும். இதைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது சாக்பீஸ் நடு எழுத்தில் நின்றது. தம்பி எழுந்து வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கண்ணீர் நின்றிருக்கும். நிற்காது என்று சொன்னவனுக்கு, தான் எழுந்து வரப்போவதில்லை என்பது தெரிந்திருந்தது. கட்டிலில் தெரிந்தது சாப்பாட்டு மேஜையிலும் தெரிந்துதான் இருக்கும். அவன் வாய் திறப்பதற்குள் அக்கா கை தட்டிவிட்டார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. தேற்றம் சரிதான், காகித இயந்திரங்களுக்கு அது இன்றைக்கும் சரி. தம்பி காகிதம் இல்லை என்பதைத்தான் அவர் மறந்துபோனார். சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே போனவர் அன்றைக்கு வகுப்புக்குத் திரும்பவில்லை. மாணவர்கள் அந்த அரை எழுத்தையும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்தார். அதே தெருவில் வளர்ந்த பெண். சின்ன வயதில் மற்றப் பிள்ளைகளோடு வந்து, குழாயில்லாத சுவர் சொட்டுவதை வேடிக்கை பார்த்தவர். விளக்கடித்துப் பரிசோதித்துவிட்டு, "சின்ன ஆபரேஷன்தான் டீச்சர். அரை மணி நேரம். கண்டிப்பா நின்னுடும்," என்றார். அக்கா துண்டால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேண்டாம்மா."

"ஏன் டீச்சர், பயமா இருக்கா?"

"என் தம்பி வாழ்க்கைல ஒரே ஒரு பொய்தான் சொன்னான். அத ரெண்டாக்க வேண்டாம்."

டாக்டர் விளக்கை அணைத்து வைத்தார். உப்புப் பட்டுக் கன்னம் புண்ணாகாமல் இருக்க ஒரு களிம்பு மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டு, அடுத்தவரை வரச் சொன்னார்.