நூறு விழுக்காடு நெகட்டிவ்

தென்கொரியாவின் மொக்போ துறைமுகத்துக்கு மேலே மேட்டில் இருந்த அந்தத் தொடக்கப் பள்ளியில், மார்ச் மாதம் வகுப்புகள் திறந்ததிலிருந்து ஒரு பிள்ளைக்குக்கூடக் கொரோனா வரவில்லை. ஊரெல்லாம் ஓமிக்ரான். மீன் ஏலக்கூடத்தில் கூவ ஆளில்லை, பேருந்து ஓட்ட ஆளில்லை, ரொட்டிக்கடை பாதி நாள் பூட்டிக் கிடந்தது. பள்ளிக்கூடத்து வாசலில் மட்டும் அந்த நோய் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் போய்விட்டதுபோல இருந்தது. துணைத் தலைமையாசிரியர் மெங் இதைத் தன் நிர்வாகத் திறமை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

திறமை இதுதான். ஞாயிறும் புதனும் மாலையில், பள்ளி கொடுத்தனுப்பும் கிட்டைப் பிரித்து, பிள்ளையின் மூக்கில் குச்சியை விட்டுப் பரிசோதிக்க வேண்டும். மறுநாள் காலை பெற்றோர் கைப்பேசிச் செயலியில் முடிவை அழுத்த வேண்டும். யாருக்காவது பாசிட்டிவ் என்றால் அந்த வகுப்பு முழுவதும் ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்து திரையில் படிக்க வேண்டும். வகுப்புகள் திறந்த அன்றே இந்த விதி வந்தது; அன்றோடு நோய் நின்றுபோனது.

மூன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் செயலியை அழுத்தவைக்கும் பொறுப்பை சிவானின் அம்மா தானாகவே எடுத்துக்கொண்டிருந்தார். விடிந்ததும் வகுப்புத் தாய்மார் குழுவில் அவருடைய செய்தி வந்து விழும். “எல்லாரும் அழுத்திட்டீங்களா? நம்ம கிளாஸ்தான் இன்னைக்கும் ஃபர்ஸ்ட்டு!” அதன் கீழே கைதட்டும் முயல் படம். அதற்குக் கீழே மற்றவர்களின் முயல்கள். பிள்ளையின் மூக்கை யாராவது பார்த்தார்களா என்று அந்த முயல்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

அதே வகுப்பில் படித்த ஹெரிமின் அம்மா சொன்மி, கிம்ச்சி ஊறுகாயும் பதார்த்தங்களும் விற்கும் கடையில் சமையல் வேலை செய்பவள். கணவன் வேறு ஊர்க் கப்பல் தளத்தில் இருந்தான். வார இறுதியில் வருவான். அந்தக் குழுவில் சொன்மி முயல் போட்டதில்லை. திமிர் பிடித்தவள் என்று அதற்கும் ஒரு பேச்சு இருந்தது.

அந்தப் புதன்கிழமை மாலை ஹெரிம் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். மறுநாள் வகுப்புத் தலைவர் தேர்தல். இரண்டு வருடம் திரையிலேயே படித்த பிள்ளை. வகுப்பில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, பெயர் அதைவிடத் தெரியாது. தேர்தலில் நிற்கிறேன் என்று அவள் வாய் திறந்து சொன்ன அன்று சொன்மி கடையின் பின்கட்டுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கிட் எங்கடி? பைல இல்லயே.”

“சார் குடுக்கவே இல்லம்மா.”

“குடுக்காம இருப்பாங்களா? எங்கயாவது போட்டுட்டு வந்திருப்ப.”

“நெஜமா குடுக்கல!”

மகள் சொன்னதை நம்பாமல், கீழே இருந்த கடைக்குப் போய் சொன்மி இரண்டு வாங்கி வந்தாள். ஹெரிமுக்குக் காலையிலிருந்தே தொண்டை கரகரத்தது. சொட்டு விட்டுக் காத்திருந்தபோது முதல் கோடு வந்தது. அதன் பக்கத்தில், வெளுத்துப்போய், இரண்டாவதும் வந்தது.

ஹெரிம் எட்டிப் பார்த்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, அழுத்தாதம்மா. நாளைக்கு ஒரு நாள் மட்டும். மாஸ்க்கு ரெண்டு போட்டுக்கறேன். தள்ளி நின்னே பேசறேன்.”

“உன் பக்கத்துல உக்காந்திருக்கறவளுக்கு ஒட்டிக்கிட்டா?”

“எல்லாரும் நெகட்டிவ்னுதான் போடுவாங்க. நான் மட்டும் ஏன் போகக்கூடாது?”

சொன்மி அவளுக்கு வெந்நீர் கொடுத்துப் படுக்கவைத்தாள். தான் படுக்கும்முன் ஜெபம் செய்தாள். அந்தக் கோட்டை அழித்துவிடும்படி கடவுளிடம் வெட்கமில்லாமல் கேட்டாள். காலையில் எழுந்து புதிதாக இன்னொன்று வைத்துப் பார்த்தாள். கோடு இன்னும் தடிமனாக வந்தது. செயலியில் பாசிட்டிவ் என்று அழுத்தினாள். குழுவிலும் எழுதினாள்: “ஹெரிமுக்கு ரெண்டு கோடு வந்திருக்கு. எல்லாரும் உங்க புள்ளைங்கள இன்னொரு தடவ பார்த்துக்குங்க. மன்னிச்சிடுங்க.”

முயல்கள் எதுவும் கைதட்டவில்லை. உடனே போன் அடித்தது.

“ஹெரிம் அம்மா, வெளிச்சத்துல வெச்சுப் பார்த்தீங்களா?” சிவானின் அம்மாவின் குரலில் தேன் வழிந்தது. “சில நேரம் நிழல்கூடக் கோடு மாதிரி தெரியும்.”

“ரெண்டு தடவ பார்த்துட்டேங்க. கோடுதான்.”

தேன் வற்றியது. “இன்னைக்கு எலக்‌ஷன்னு தெரியுமில்ல? என் பையனுக்கு ஸ்பீச் கிளாஸ்லாம் வெச்சுத் தயார் பண்ணியிருக்கேன். உங்க ஒருத்தரால மொத்த கிளாஸும் வீட்ல உக்காரணுமா?”

“எம்பொண்ணும்தாங்க நிக்கறா.”

“அதான் சொல்றேன். கடையில கண்டவங்களோட பழகறவங்க நீங்க. நீங்கதான் பார்த்து நடந்துக்கணும்.”

சொன்மி போனை வைத்துவிட்டாள். சிவானின் அம்மா அவள் கடைக்கு வாரம் இரண்டு முறை வந்து முள்ளங்கிக் கிம்ச்சி வாங்குபவர். கண்டவர்கள் பட்டியலில் அவரும் உண்டு.

அடுத்து துணைத் தலைமையாசிரியர் மெங்கே அழைத்தார். கல்வி அலுவலகத்துக்குக் காலைக் கணக்கு போக வேண்டும், அதில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்திருக்கிறது என்றார்.

“அம்மா, நீங்க கடையில வாங்கின கிட்டுதான? அது நம்ம ஸ்கூல் கிட் இல்லயே. ஸ்கூல் குடுத்தாத்தான் கணக்கு. ஆப்ல ‘பரிசோதிக்கவில்லை’னு மாத்திடுங்க. பாப்பாவுக்கு வயித்துவலினு லீவு போட்டுக்கலாம்.”

“சரிங்க சார். அப்ப ஸ்கூல் கிட்டையே குடுங்க, வந்து வாங்கிக்கறேன். அதுலயும் பார்த்துட்டு என்ன வருதோ அதையே போடறேன்.”

மறுமுனையில் அவர் “அது வந்தும்மா…” என்று இழுத்தார். அவள் அதற்குள் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக் கம்பி வேலிக்கு வெளியே, யாரையும் நெருங்காமல் சொன்மி நின்றாள். வகுப்பாசிரியர் தாக் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இளம் வயது, தூங்காத கண்கள். மெங் அவர் பின்னால் அரக்கப்பரக்க ஓடிவந்தார். பெட்டியைச் சுற்றி ஒட்டியிருந்த நாடா பிரிக்கப்படாமல் இருந்தது.

“இந்த வாரத்து கிட் இப்பத்தான் வந்துச்சும்மா,” என்றார் தாக். “லாரி லேட்டு. நேத்து எந்தப் புள்ளைக்கும் குடுக்கல.”

சொன்மிக்கு முதலில் மகளைத் திட்டியது நினைவுக்கு வந்தது. பிறகுதான் மற்றது உறைத்தது.

“அப்ப… மத்தவங்கல்லாம் காலையில நெகட்டிவ்னு போட்டாங்களே. எதுல பார்த்தாங்க?”

தாக் சிரித்தார். அழுகைக்குப் பக்கத்தில் இருந்த சிரிப்பு. “அதத்தாம்மா நானும் யோசிச்சுட்டிருக்கேன். உங்களத் தவிர மொத்த கிளாஸும் நெகட்டிவ். பெட்டி இதோ என் கையில இருக்கு. பிரிக்கவேயில்ல.”

“தாக் சார், அத இங்க நின்னு பேசணுமா?” மெங் தொண்டையைச் செருமினார். “அவங்களும் கடையில வாங்கியிருக்கலாம்.”

“எல்லாருமா சார்?”

“பெற்றோர்கள நாம நம்பணும்.”

நம்பிக்கை என்ற சொல்லை இவ்வளவு அழுக்கான கையால் தொட்ட மனிதரை சொன்மி அதற்குமுன் பார்த்ததில்லை. அவருடைய கழுத்துப்பட்டை ஒழுங்காக இருந்தது. சட்டைப்பையில் கல்வி அலுவலகப் பாராட்டுச் சின்னம் மின்னியது. ஒரு பள்ளி நிறையப் பிள்ளைகள் இருமுவதை எண் ஒன்றால் மூடி, அதன்மேல் உட்கார்ந்து பாராட்டு வாங்கியிருக்கிறார்! எதைச் சொன்னாலும் அந்தக் காதில் இறங்கியிருக்காது.

தாக் தன் சாவியால் நாடாவைக் கிழித்தார். “சார், நான் இத இப்பவே புள்ளைங்க கையில குடுத்து வீட்டுக்கு அனுப்பறேன். எலக்‌ஷன் இன்னைக்கு இல்ல. எல்லாரும் திரும்பி வந்தப்புறம் வெக்கறேன்.”

“மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“லாரி லேட்டுன்னு சொல்லுங்க சார். அதாவது உண்மை.”

அன்று மாலைக்குள் ‘ஆ’ பிரிவில் இரட்டைக் கோடுகள் மளமளவென்று முளைத்தன. குழுவில் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. திடீரென எல்லோருக்கும் ஒரே சமயத்தில் அடக்கம் வந்துவிட்டது. சிவானுக்கும் இரண்டு கோடு. இரண்டு நாளாகவே அவனுக்குக் காய்ச்சல் என்பதும், மாத்திரை கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. பிறகு அவன் அம்மாவும் படுத்துவிட்டார்.

கடை முதலாளியம்மா போனில் இதைக் கேட்டுவிட்டுக் கைகொட்டிச் சிரித்தார். “நல்லா வேணும்! ஒரு முயல் படம் அனுப்பிவிடு.”

சொன்மிக்கும் அனுப்ப ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளை என்ன செய்தான்? தாயும் மகனும் படுத்திருந்தால் அடுப்பு எரியாது. அவள் சிப்பிக் கஞ்சி காய்ச்சினாள். கிளறும்போது அந்த அம்மாவை மனத்துக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டிக்கொண்டே உப்பு சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தாள். சூட்டோடு எடுத்துப்போய் அவர்கள் வீட்டுக் கதவுக் கைப்பிடியில் கடைப் பெயர் போட்ட பையை மாட்டிவிட்டு, மணியை அழுத்திவிட்டு, கதவு திறக்குமுன் இறங்கி வந்துவிட்டாள். முகத்தைப் பார்த்துச் சிரிக்கும் அளவுக்கு அவள் மனம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் மறுநாளும் போனாள்.

பிள்ளைகள் எல்லோரும் திரும்பி வந்தபின் தேர்தல் நடந்தது. ஹெரிம் ஒரே ஓட்டில் ஜெயித்தாள். வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: “அம்மா, சிவான் எனக்குத்தான் போட்டானாம்! அவனே சொன்னான். கஞ்சி நல்லாருந்துச்சாம்.”

சொன்மி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். தேர்தல் முடியும்வரை வேட்பாளர் வீட்டார் யாருக்கும் தின்பண்டம் கொடுக்கக் கூடாது என்பது வகுப்பு விதி. அது அவள் நினைவிலேயே இல்லை.

எதிர்பார்த்தபடியே போன் வந்தது.

“ஹெரிம் அம்மா, கஞ்சி ஊத்தி ஓட்டு வாங்கிட்டீங்களே!” சிவானின் அம்மாவுக்கு இருமல் இன்னும் போகவில்லை. “நான் தாக் சார்கிட்ட புகார் குடுக்கப் போறேன்.”

“குடுங்க. கஞ்சி குடுத்தது நெஜம்தான், நானே ஒத்துக்கறேன். மறுபடி எலக்‌ஷன் வெச்சாலும் சரி.”

“அப்படியே ஒத்துக்குவீங்களாக்கும்.”

“குடுத்தத குடுக்கலனு எப்படிங்க சொல்றது?”

அந்தப் பக்கம் இருமல் கேட்டது. ஹெரிம் நகத்தைக் கடித்தபடி அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புகார் எழுதறதுக்கெல்லாம் எனக்குத் தெம்பு இல்ல, விடுங்க,” என்றார் சிவானின் அம்மா கடைசியில், எரிச்சலோடு. “அந்தக் கஞ்சில என்னதான் போட்டீங்க? நான் வெச்சா இவன் தொடவே மாட்டேங்கறான்.”

மகளைப் பார்த்து சொன்மி தலையை ஆட்டினாள். ஹெரிம் பையை வீசிவிட்டுக் குதித்தாள்.

“அரிசிய ஊறவெச்சுட்டீங்களா?” என்று கேட்டாள் சொன்மி. “மொதல்ல எள்ளெண்ணெய்ல வதக்கணும். அடுப்ப சிம்ல வெச்சுக்குங்க. லைன்லயே இருங்க, நான் சொல்லச் சொல்லப் பண்ணுங்க.”